கேமரன் மலையில் பழைய ஆபத்தும் புதிய காரணமும்: தேயிலைத் தோட்டங்களில் தற்கொலைத் தடுப்பு

1. கேள்வி

மலேசியக் காவல்துறையின் கணக்கில் 2019இல் பதிவான தற்கொலைகள் 609. 2020இல் 631. 2021இல் 1,142. மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் கோவிட் பெருந்தொற்றையே முதற்காரணமாகச் சொல்வார். அந்த ஆண்டு நாளேடுகளில் வந்த விளக்கமும் பெரும்பாலும் அதுதான். 2022இல் எண் 981ஆகக் குறைந்தது. 2023இல் மீண்டும் 1,087ஆக ஏறியது. 2022 ஏப்ரல் முதல் தேதி நாட்டின் எல்லைகள் திறக்கப்பட்டுவிட்டன. ஊரடங்கு முடிந்தும் எண் பழைய அறுநூறுக்கு இறங்கவில்லை.

இக்கட்டுரை ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய மனநெருக்கடி என்று நாம் பேசுவதில் எவ்வளவு பெருந்தொற்றால் வந்தது, எவ்வளவு அதற்கு முன்பே அங்கே இருந்தது? பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை வைத்து இதை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் தற்கொலை பற்றிய ஆய்வு ஆழமாகக் கால்பதித்த இடங்களில் அந்த மலையும் ஒன்று. விடை எதுவோ அதைப் பொறுத்தே மருந்தும் மாறும். துயரம் தொற்றால் மட்டும் வந்தது என்றால் ஆலோசனையும் உதவித் தொலைபேசியும் காலமும் போதும். அது பழையது என்றால் பூச்சிமருந்துக் கொட்டகையையும், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டையும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். ஆபத்து பழையது என்பதே என் முடிவு. தொற்று அதன் மேல் புதுச் சுமையை ஏற்றியது.

2. எண்களை எப்படி வாசிப்பது

காவல்துறை எண்ணை அப்படியே நம்ப முடியாது. 2019ஆம் ஆண்டுக்கு அதன் கணக்குப்படி லட்சம் பேருக்கு இரண்டு தற்கொலைகூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டுக்கு மலேசியாவுக்குத் தந்த மதிப்பீடு லட்சத்துக்குச் சுமார் ஆறு. ஏறத்தாழ மூன்று மடங்கு இடைவெளி இது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் டி. மாணியம், 1966 முதல் 1990 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய இடைவெளியின் ஊற்றைக் காட்டினார். ‘காரணம் உறுதிசெய்யப்படாத வன்மரணம்’ என்ற தலைப்பின்கீழ்ப் பல தற்கொலைகள் போய் ஒளிந்துகொள்கின்றன.

ஒளிவதற்குக் காரணங்கள் இருந்தன. தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்படும்வரை தற்கொலை முயற்சி ஓராண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். பிழைத்தவரின் கட்டிலருகே போலீஸ்காரர் வந்து நிற்கலாம் என்ற நிலையில் எந்தக் குடும்பமும் உண்மையைச் சொல்லத் தயங்கும். மருத்துவர் சான்று இல்லாமல் பதிவாகும் மரணங்கள் கிராமங்களிலும் தோட்டப்புறங்களிலும் அதிகம். ‘தவறிக் குடித்துவிட்டார்’, ‘காய்ச்சலில் போய்விட்டார்’ என்று எழுதிக்கொண்டால் ஈமச்சடங்கு தடையில்லாமல் நடக்கும். பிள்ளைகளின் கல்யாணப் பேச்சிலும் அது வந்து நிற்காது.

ஆகவே 2021இன் தாவலில் ஒரு பகுதி எண்ணுவதில் வந்த மாற்றமாக இருக்கலாம். முழுவதும் அப்படியே என்று தள்ளிவிடவும் முடியாது. தொற்றின் முதல் மாதங்களை 21 நாடுகளில் ஆராய்ந்து 2021இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த பெரிய ஆய்வு, தற்கொலை கூடவில்லை என்றே முடிவு சொன்னது. பலர் அதைக் கேட்டு ஆறுதலடைந்தார்கள். ஆனால் அந்த 21இல் குறைந்த வருமான நாடு ஒன்றுகூட இல்லை. ஜப்பானில் 2020 ஜூலைக்குப் பிறகு எண்ணிக்கை ஏறியது. பெண்களிடையே அதிகமாக ஏறியது. இந்தியாவின் தேசியக் குற்றப்பதிவுப் பணியகம் 2021இல் 1,64,033 தற்கொலைகளைப் பதிவு செய்தது. அவர்களில் 42,004 பேர், நால்வரில் ஒருவருக்கும் மேல், தினக்கூலிகள். தொற்றின் சுமை எல்லார் தோளிலும் சமமாக ஏறவில்லை. நாடு முழுமைக்குமான சராசரியில் தோட்டத்து லயத்தைத் தேடினால் கிடைக்காது.

3. 1988ஆம் ஆண்டின் சாட்சியம்

மாணியம் 1988இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’யில் ஓர் ஆய்வை வெளியிட்டார். மலேசிய மலைவாசத்தலம் ஒன்றில் நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் அதன் பொருள். அந்த மலை, கேமரன் மலை. அதில் மூன்று செய்திகள் தெளிவாகத் தெரிகின்றன. தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக இந்தியர்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இளவயதினர் அதிகம். பெரும்பாலானோருக்குக் கைக்கெட்டியது விவசாய இரசாயனம்.

முப்பது ஆண்டுகளுக்கும் முந்தைய ஆய்வு இது. கோவிட் இல்லை, கைப்பேசி இல்லை, ஊரடங்கு இல்லை. எனினும் இன்று கவலையோடு பேசப்படும் படம் ஏறக்குறைய முழுமையாக அன்றே வரையப்பட்டிருக்கிறது. 2007இல் சுகாதார அமைச்சு தொடங்கிய தேசியத் தற்கொலைப் பதிவேடும் தன் முதல் ஆண்டுகளில் இந்தியர் விகிதம் அவர்களின் மக்கள்தொகைப் பங்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதைக் காட்டியது. ‘பெருந்தொற்றால் புதிதாக வந்த நெருக்கடி’ என்று சொல்பவர்கள் இந்தப் பதிவுகளைப் படித்திருக்க வேண்டும்.

‘இந்தியர்களுக்கு ஏன்?’ என்ற கேள்விக்குப் பண்பாட்டு விளக்கம் எளிதாகக் கையில் கிடைக்கும். உணர்ச்சிவசப்படும் இனம், காதல் தோல்வி, குடி, சினிமா என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. குடி பெரிய பிரச்சினை என்பதில் மறுப்பில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோட்டங்களில் சம்சு சாராயத்துக்கு எதிராகப் பல்லாண்டு போராடியதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதே இனத்தின் நகர நடுத்தர வர்க்கத்தைத் தோட்டத்தோடு ஒன்றாக்கிப் பேசும் விளக்கம், பிழைப்பின் நிலைமையைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் மலையில் தமிழ்த் தொழிலாளியின் கூலியும் வீடும் ஒரே கையில் இருந்தன. வேலை இருக்கும்வரைதான் வீடு. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்திலிருந்து ஓய்வுபெறும் நாளில் கிளம்ப வேண்டியவருக்கு மலைக்குக் கீழே ஒரு துண்டு நிலமும் இருப்பதில்லை. இதை மனநோய் என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியாது.

4. எல்லை மூடப்பட்ட மலை

பெருந்தொற்று செய்தது என்ன? 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. உணவு உற்பத்தி என்பதால் விவசாயத்துக்கு அனுமதி தொடர்ந்தது. மலையை வாழவைக்கும் சுற்றுலா ஒரே நாளில் நின்றது. தானா ராத்தா, பிரிஞ்சாங் ஓட்டல்களிலும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் வேலைக்குப் போனவர்களில் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. அப்பா தோட்டத்தில், மகள் ஓட்டலில், மகன் சிங்கப்பூரில் என்று மூன்று வருமானத்தில் ஓடிய வீடு ஒரு வருமானத்தில் வந்து நின்றது. ஜொகூர்ப் பாலம் மூடிக் கிடந்ததால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் வீடு பார்க்கவில்லை. கீழே சந்தைகள் முடங்கியதால் மலைக் காய்கறி விவசாயிகள் டன் கணக்கில் காய்களைக் கொட்டினார்கள். அந்தக் காய்களைப் பறிக்கவும் கழுவவும் போகும் கூலிகளுக்கும் அன்று வேலை போனது.

கேமரன் மலைக்கென்று ஒரு சிக்கல் இருந்தது. மலை பகாங்கைச் சேர்ந்தது. மலைக்காரர்களின் நகரம் பேராக் மாநிலத்து ஈப்போ. சிம்பாங் பூலாய் சாலையோ தாப்பா சாலையோ, எதில் இறங்கினாலும் பேராக்குக்குள்தான் நுழைய வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர், பெரிய மருத்துவமனை, கல்யாணச் சாமான் எல்லாம் அந்தப் பக்கம். 2021 ஜனவரி 13 அன்று மாநிலங்களுக்கிடையேயான பயணம் தடைசெய்யப்பட்டது. மறுநாள் பொங்கல். தடை அக்டோபர் 11 வரை நீடித்தது. ஏறக்குறைய ஒன்பது மாதம் மலையின் இயல்பான வழிகள் காவல் தடுப்பில் முடிந்தன. இழவுக்கும் போய்வர முடியாத மாதங்கள் அவை. தொற்றில் இறந்தவர்களை மருத்துவமனையிலிருந்து நேராகத் தகனத்துக்குக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்காமல், கோடி போடாமல் முடிந்த இழவுகளின் பாரம் இன்றும் பல குடும்பங்களில் இறங்கவில்லை.

2021 ஜூலையில் மலேசியா முழுவதும் வெள்ளைக்கொடி இயக்கம் பரவியது. பசியில் இருப்பவர் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவிக்கு வரலாம். தன்மானத்தைப் பறிக்காமல் உதவி கேட்க வழிசெய்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் கொடி தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டும். தோட்டத்து லயம் தனியார் நிலத்துக்குள், வாயிற்கதவைத் தாண்டி, கொழுந்து மேட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. அங்கே கொடியைப் பார்ப்பவர்களும் கொடி கட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்களே.

பொருளாதார வடு ஊரடங்கோடு முடியவில்லை. 2020 முதல் 2022 வரை அரசு அனுமதித்த சிறப்பு ஏற்பாடுகளின்கீழ் ஊழியர் சேமநிதியிலிருந்து 14,500 கோடி வெள்ளி எடுக்கப்பட்டது. அன்று அது உயிர்காத்த பணம், எடுத்தவர்மேல் குற்றமில்லை. தோட்டத்தொழிலாளிக்கு அந்தச் சேமநிதி ஓய்வுக்குப் பிறகான வீட்டின் முன்பணமுமாகும். லயத்தை விட்டு வெளியேறும் நாளில் கையில் அது இல்லை. 2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாக உயர்ந்தது நல்லதே. காலியான கணக்கை அது மீண்டும் நிரப்பாது. வரும் ஆண்டுகளில் ஐம்பதுகளின் பிற்பகுதியைத் தொடும் ஆண்கள்மீது என் கவலை அதிகம். அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் பழக்கமில்லாதவர்கள். கிளினிக்குக்குப் போனால் நெஞ்சடைப்பு, தலைச்சுற்றல், தூக்கமில்லை என்பார்கள். இரத்த அழுத்த மாத்திரையோடு திரும்புவார்கள்.

5. மருந்துக் கொட்டகை

தற்கொலைத் தடுப்பில் இதுவரை நிறுவப்பட்டவற்றில் மிக வலுவான உண்மை ஒன்றுண்டு. கொடிய நஞ்சை மனிதர்களின் கைக்கெட்டாமல் செய்தால் சாவு குறைகிறது; வேறு வழிக்கு எல்லாரும் தாவிவிடுவதில்லை. இலங்கை 1995இல் லட்சத்துக்கு 47 என்ற உலகின் உச்ச விகிதங்களில் ஒன்றைத் தொட்டது. 1984, 1995, 1998 ஆண்டுகளிலும் பின்னர் 2008 முதல் 2011 வரையும் கட்டம் கட்டமாகப் பூச்சிமருந்துத் தடைகள் வந்தன. விகிதம் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. இருபதாண்டில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. போர், சுனாமி, வறுமை எல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்டில் இது நிகழ்ந்தது. துயரத்தின் காரணங்கள் நீங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். முயற்சியில் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. பல முயற்சிகள் சில நிமிடக் கொந்தளிப்பில் நடப்பவை. அந்த நிமிடங்களில் அருகில் என்ன இருக்கிறது என்பதே சாவையும் பிழைப்பையும் பிரிக்கிறது.

மலேசியா இதில் தடுமாறியது. களைக்கொல்லியான பாராகுவாட்டை 2002இல் தடைசெய்தது. அதே ஆண்டுதான் பெண்கள் உரிமைக்கான தெனகனித்தா அமைப்பும் பூச்சிமருந்து எதிர்ப்பு வலையமைப்பும் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றிய ஆய்வை வெளியிட்டன. தோட்ட முதலாளிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2006இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் தேதிதான் அது மீண்டும் முழுமையாக வந்தது. ஊரடங்குக்கு இரண்டரை மாதம் முன்பு வந்த தடை அது. அந்தத் தடை இல்லாமல் 2021 வந்திருந்தால் கேமரன் மலையில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஒரு மருந்தைத் தடைசெய்தால் மற்றவை இருக்கத்தானே செய்யும்? எஞ்சியவற்றை எங்கே வைப்பது என்பதில் சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சென்னை ஸ்நேகா அமைப்பை 1986இல் நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊருக்குப் பொதுவான மருந்துக் கிடங்கு கட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டுப் பெட்டி தந்து பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. இலங்கை அனுராதபுரத்தில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய சோதனை, 2017இல் பலன் இல்லை என்று சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் சாவியும் வீட்டுக்குள்தான் இருக்கும். வீட்டுக்கு வெளியே, பொறுப்பாளர் ஒருவரின் கையில் சாவி இருக்கும் கிடங்கே தடையாகிறது.

இங்கேதான் கேமரன் மலை தனக்கே உரிய விடை ஒன்றைத் தருகிறது. பெரிய தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கிடங்கு ஏற்கெனவே உண்டு. பூட்டிய ஸ்டோர், சாவி வைத்திருக்கும் கிராணி, எவ்வளவு மருந்து வெளியே போனது என்று எழுதும் பேரேடு. காட்டுமன்னார்கோயிலில் புதிதாகக் கட்டியதைத் தோட்டம் தன் கணக்குவழக்குக்காகவே வைத்திருக்கிறது. ஓட்டை தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சரிவை அடுத்துக் காய்கறித் தோட்டம். பிளாஸ்டிக் கூரையின்கீழ்க் கொட்டகை. உரமூட்டைகள், ஈர ரப்பர்க் காலணிகள், முதுகில் மாட்டும் தெளிப்பான், காலையில் காப்பி போட்ட கேத்தல், அதே பலகையில் பாதி தீர்ந்த மருந்துப் போத்தல்கள். கதவு என்று ஒன்று இருந்தால் அது காற்றுக்காக. தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் உபரி வருமானத்துக்குப் போகும் இடம் அது. சிறு காய்கறி விவசாயிகளின் கூட்டுறவு, மாவட்ட விவசாய அலுவலகம், மருந்துக் கடைகள் மூன்றும் சேர்ந்து பகுதிக்கொரு பொதுக் கிடங்கு வைப்பது 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின் நோக்கத்துக்கு முற்றிலும் பொருந்தியதே.

6. தொலைபேசியும் பலகைச் சுவரும்

தொற்றுக்காலத்தில் அரசும் தொண்டு அமைப்புகளும் முன்வைத்த முதல் உதவி தொலைபேசி. 1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் இரவும் பகலும் செவிகொடுக்கிறது. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ‘ஹீல்’ எண் 15555. இரண்டும் உயிர் காக்கும் சேவைகள். இதைப் படிப்பவர் யாரேனும் அந்த இருளில் இருந்தால் அழைக்கத் தயங்க வேண்டாம்.

ஆனால் லயத்தில் அழைப்பு எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் குழந்தை இருமினால் இங்கே கேட்கும். முன்னறையில் தொலைக்காட்சி, பின்னறையில் மாமியார். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்க மேட்டுக் கோயில் வரை நடக்க வேண்டும். அங்கே ஒரு மருமகள் போய்த் தனியாகப் பேசினால், யாரோடு பேசுகிறாள் என்று ஊரே கேட்கும். புருஷனைப் பற்றி, கடனைப் பற்றி, ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று சொல்ல அந்த மருமகளுக்கு இடமில்லை. ஊரடங்கில் எல்லாரும் வீட்டில் இருந்தபோது இருந்த கொஞ்சம் இடமும் போனது. மனநல மருத்துவமனைக்குப் போகலாம் என்றால், 1911இல் உலு கிந்தாவில் தொடங்கிய மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தானின் பெயரே மலேசியாவில் பைத்தியத்துக்கு மறுபெயராகிவிட்டது. அந்தத் திசையில் பஸ் ஏறுவதே அவப்பெயர்.

7. ஒன்பது சந்திப்புகள்

கதவைத் தேடி வரச்சொல்லும் சேவைக்குப் பதிலாகக் கதவைத் தேடிப் போகும் சேவைக்குச் சான்று உண்டா? உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு ஒரு மணிநேர உரையாடலும், அடுத்த பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். முதற்குழுவில் தற்கொலையால் இறந்தவர் 2.2 விழுக்காடு, இரண்டாவதில் 0.2. மருந்தோ நிபுணத்துவ மனச்சிகிச்சையோ இல்லை, விசாரிப்பு மட்டுமே. எல்லா இடத்திலும் இதே பலன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பாலினீசியாவில் நடந்த சோதனையில் வேறுபாடு தெரியவில்லை. தமிழரிடையே வேறொரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழ அகதிகளிடையே, முகாமைச் சேர்ந்தவர்களுக்கே பயிற்சி தந்து தொடர்ந்து விசாரிக்கச் செய்த லட்சுமி விஜயகுமார் குழுவின் ஆய்வு 2017இல் நல்ல பலனைக் காட்டியது. 

2023இல் 309ஆவது பிரிவு நீங்கியதால் மலேசியாவில் இதற்கான தடை விலகிவிட்டது. இனிப் பிழைத்தவரின் பெயரை எழுதி வைப்பது அவருக்கு எதிரான சான்று ஆகாது. தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு வருபவர் ஒவ்வொருவருக்கும், வீடு திரும்பும்முன், அடுத்த ஒன்பது சந்திப்புகளின் தேதியும் பொறுப்பாளரும் குறிக்கப்படலாம். பொறுப்பாளராகத் தமிழ் பேசும் தாதி, தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற மண்டோர் எவரும் இருக்கலாம். தோட்ட நிர்வாகத்தின் ஆள் மட்டும் கூடாது. வீட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் மனத்தைத் திறக்க முடியாது.

8. புதிய லயக்காரர்கள்

இன்று கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் தமிழர் அல்லர். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள். கத்திரியும் இயந்திரமும் பிடித்து, எடைக்கணக்கில் கூலி வாங்குகிறார்கள். 2020 ஜூனில் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டதால் இருந்தவர்கள்மேல் வேலை கூடியது. ஊரில் தந்தை இறந்தாலும் போக வழியில்லை. முகவருக்குக் கட்டிய கடன் ஏறிக்கொண்டிருந்தது. அனுமதி காலாவதியானவர் மருத்துவமனைக்கே வரமாட்டார். ஆவணமில்லாத நோயாளியைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்லும் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அவருக்கு நன்றாகத் தெரியும். நம் தாத்தாக்கள் இருந்த லயங்களில், தாத்தாக்கள் இருந்த அதே தனிமையில் இந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். 1988 ஆய்வில் ஆபத்து இந்தியர்பால் குவிந்திருந்ததற்கு இனம் காரணம் என்று நினைப்பவர்கள், இன்று அதே நிலையில் வேறு இனத்தார் இருப்பதை விளக்க வேண்டியிருக்கும். வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும் ஏற்பாட்டைக் காரணமாகக் கொள்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒன்பது சந்திப்புகளில் நேப்பாளி, வங்காளி மொழி பேசுபவரும் சேர வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தற்கொலை முயற்சியில் பிழைத்தவர்களுக்குப் பொருந்தாது என்று சுகாதார அமைச்சு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மாணியம் 1988இல் வெளியிட்ட ஆய்வை அதே மலையில், மாவட்டக் காவல்துறைப் பதிவுகளையும் அவசரப் பிரிவின் பேரேட்டையும் இணைத்து, 2019 முதல் 2024 வரையிலான ஆண்டுகளுக்கு மீண்டும் செய்ய வேண்டும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் பல்கலைக்கழகங்களும் அதைக் கேட்கலாம். பேரேடு தானா ராத்தாவில் இருக்கிறது.